டெக்சஸ் மாநிலத்தின் பெயர் சொல்லும் படைவீரர்கள் யார் யார்?

கேள்வி இதுதான்: அமெரிக்க ராணுவ வரலாற்றைப் புரட்டினால் டெக்சஸ் மாநிலத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, அங்கிருந்து வந்த முக்கியமானவர்கள் யார், யாரிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வெறும் பட்டியல் என்றால் நூறு பெயர் எழுதிவிடலாம். படித்து முடித்த பத்தாவது நிமிடம் ஒரு பெயரும் நினைவில் இருக்காது. அதனால் பல வருடங்களாக என் மனதை விட்டுப் போகாத நான்கைந்து பேரிடம் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மற்றவர்களைப் போகிற போக்கில் சொல்கிறேன். டெக்சஸ் என்றால் நமக்குக் குதிரை, அகலத் தொப்பி, மாட்டுப் பண்ணை என்றுதான் கண்முன் வரும். ஆனால் இந்தப் பெயர்களில் பலவற்றைப் பின்தொடர்ந்து போனால் பருத்திக் காட்டில் போய் நிற்போம். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்த குடும்பங்களின் பிள்ளைகள், சின்ன வயதில் தாய் தகப்பனை இழந்தவர்கள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பருத்தி எடுக்கப் போனவர்கள். அவர்கள் போர்க்களத்தில் செய்தது ஒரு கதை. ஊர் திரும்பிய பிறகு அவர்களுக்கு நடந்தது இன்னொரு கதை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர்கள் முழுதாகத் தெரிவார்கள்.

முதலில் இரண்டு பெரிய பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒருவர் சாம் ஹூஸ்டன். ஹூஸ்டன் நகரத்துக்கே அவர் பெயர்தான். 1836 ஏப்ரல் 21 அன்று சான் ஜசிந்தோவில் மெக்சிகோ படையைப் பதினெட்டே நிமிடத்தில் முறியடித்து டெக்சஸை தனி நாடாக்கியவர். பிறந்தது வர்ஜீனியாவில். எனக்கு அவரிடம் பிடித்தது அந்தப் பதினெட்டு நிமிடத்தைவிட 1861தான். அப்போது அவர் மாநில ஆளுநர். தென் மாநிலங்களோடு சேர்ந்து டெக்சஸும் பிரிந்து போனபோது, புதிய கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று மறுத்துப் பதவியை இழந்தார். இன்னொருவர் பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர். 1890இல் டெனிசன் என்ற ரயில்வே ஊரில் பிறந்தார். இரண்டு வயது ஆகும் முன்பே குடும்பம் கன்சாஸுக்குப் போய்விட்டது, அதனால் அவரைக் கன்சாஸ்காரர் என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் ராணுவ அதிகாரியாக அவருடைய முதல் பணியிடம் சான் அன்டோனியோவிலுள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் முகாம். வருங்கால மனைவியைச் சந்தித்ததும் அங்கேதான். அந்த முகாமின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

சரி, செஸ்டர் நிமிட்ஸுக்கு வருவோம். இந்தப் பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. 2007 ஜூலையில் சென்னைக் கடலில் ஒரு பெரிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றதே, அணுசக்தியில் ஓடும் கப்பல் என்பதால் இடதுசாரிக் கட்சிகள் போராட்டம் நடத்தினவே, அந்தக் கப்பலுக்கு இவர் பெயர்தான். இவ்வளவு பெரிய கடற்படைத் தளபதி பிறந்த ஊரிலிருந்து கடல் பார்க்க வேண்டுமானால் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். ஜெர்மானியர்கள் குடியேறிய ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற சின்ன ஊர் அது. 1885இல் அவர் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். கப்பலில் வேலை பார்த்த தாத்தா ஊருக்கு நடுவில் ஒரு ஹோட்டல் நடத்தினார். ஹோட்டலின் முகப்பையே நீராவிக் கப்பல் மாதிரி கட்டியிருந்தார். அந்தத் தாத்தாவின் கடல் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன், முதலில் தரைப்படைக் கல்லூரியில்தான் சேர விரும்பினான். அங்கே இடம் இல்லை. கடற்படைக் கல்லூரியில் ஒரு இடம் காலி என்றார்கள், போய்ச் சேர்ந்தான்.

1908இல் ஒரு சம்பவம். இளம் அதிகாரியாக இருந்த நிமிட்ஸிடம் டெகேட்டர் என்ற கப்பலை ஒப்படைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸில் பட்டங்காஸ் துறைமுகத்துக்குள் நுழையும்போது அதைச் சேற்றுத் திட்டில் ஏற்றிவிட்டார். இரவு முழுக்க இழுத்துப் பார்த்தும் கப்பல் அசையவில்லை. வேறு வழியில்லாமல் தளத்தில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் வேறொரு கப்பல் வந்து இழுத்து விட்டது. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், கண்டனக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அந்த வேலைக்கே அவர் லாயக்கில்லை என்று அன்று முடிவு செய்திருந்தால் பசிபிக் போரின் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

ஹவாயில் இருந்த பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, 1941 டிசம்பர் 31 அன்று அவர் பசிபிக் கடற்படையின் பொறுப்பை ஏற்றார். பதவியேற்பு நடந்தது ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் தளத்தில். தோற்றுப்போன தளபதியின் ஆட்களை எல்லாம் மாற்றிவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவர் யாரையும் விரட்டவில்லை. உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி அவர்களையே வைத்துக்கொண்டார். உளவுத்துறை அதிகாரி எட்வின் லேட்டனும் அப்படித் தங்கியவர்தான். ஐந்தே மாதத்தில் அதன் பலன் தெரிந்தது. ஜப்பானியச் சங்கேதத்தை உடைத்துக்கொண்டிருந்த ரோஷ்ஃபோர்ட்டின் குழு, அடுத்த தாக்குதல் மிட்வே தீவில்தான் என்று சொன்னபோது, வாஷிங்டனில் பலர் நம்பவில்லை. நிமிட்ஸ் நம்பினார். 1942 ஜூனில் மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. சேற்றில் கப்பலை ஏற்றி, மன்னிக்கப்பட்ட அந்த இளைஞனுக்கும், தோற்ற ஆட்களை நம்பிய இந்தத் தளபதிக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் எண்ணம்.

மிட்வேக்கு முந்தைய அந்த வாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மே 27ஆம் தேதி, அடிபட்ட யார்க்டவுன் கப்பல் எண்ணெய் ஒழுகிக்கொண்டே பேர்ல் ஹார்பருக்குள் வருகிறது. அதைச் சரிசெய்யப் பல வாரம் ஆகும் என்பது கணக்கு. உலர்துறையில் தண்ணீர் முழுதாக வடிவதற்குள் நிமிட்ஸ் உயரமான ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கி, கப்பலின் அடிப்பாகத்தைத் தானே பார்க்கிறார். மூன்று நாளில் வேண்டும் என்கிறார். மூன்று நாளில் அது கிளம்பியும் விட்டது. இத்தனை நெருக்கடிக்கு நடுவில், அதே மே 27ஆம் தேதி என்டர்பிரைஸ் கப்பலின் தளத்தில் நின்று அவர் இன்னொரு டெக்சஸ்காரரின் சட்டையில் ஒரு பதக்கத்தைக் குத்தினார். அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. நிமிட்ஸ் கவனமாகப் பதக்கத்தைக் குத்துகிறார். எதிரே விறைப்பாக நிற்பவர் நல்ல உயரமான, அகன்ற தோள் உள்ள கறுப்பின இளைஞர். டோரிஸ் மில்லர்.

மில்லர் 1919இல் வேக்கோ ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா வாரத்துக்குப் பயிர் செய்த விவசாயி. பெண் குழந்தைதான் பிறக்கும் என்று மருத்துவச்சி உறுதியாகச் சொன்னதால் பெண் பெயர் வைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அன்றைய கடற்படையில் கறுப்பின இளைஞர்களுக்கு இருந்த வேலை, அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, ஷூ துடைப்பது. துப்பாக்கிப் பயிற்சி கிடையாது. வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலில் மெஸ் பணியாளாக இருந்தார். அந்தக் கப்பலின் குத்துச்சண்டை சாம்பியனும் அவர்தான்.

பேர்ல் ஹார்பரில் 1941 டிசம்பர் 7 காலையில் குண்டு விழுந்தபோது அவர் அழுக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தார். மேலே ஓடினார். வயிற்றில் குண்டுச் சில்லு பாய்ந்து கிடந்த கேப்டனைத் தூக்கிப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த உதவினார். அதன் பிறகு, ஆளில்லாமல் நின்ற ஒரு விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட ஆரம்பித்தார். தன் வாழ்நாளில் அதைத் தொட்டதே இல்லை. மற்றவர்கள் சுடுவதைப் பார்த்ததுதான் பயிற்சி. தோட்டா தீரும்வரை சுட்டார். அப்புறம் எண்ணெயும் தீயுமாகக் கிடந்த தளத்தில் காயம்பட்டவர்களை இழுத்து இழுத்துக் கரை சேர்த்தார். கப்பல் அவர் காலடியிலேயே அமிழ்ந்தது.

முதலில் வெளிவந்த பாராட்டுப் பட்டியலில் அவருக்குப் பெயரே இல்லை. பெயர் குறிப்பிடாத ஒரு கறுப்பின ஊழியர், அவ்வளவுதான். பிட்ஸ்பர்கிலிருந்து வந்த கறுப்பினப் பத்திரிகை ஒன்று விடாமல் கேட்டுக் கேட்டு, மூன்று மாதம் கழித்துப் பெயர் வெளியே வந்தது. நேவி கிராஸ் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். பதக்கம் வாங்கிய பிறகும் சமையல் பிரிவில்தான் இருந்தார். 1943 நவம்பர் 24 அன்று லிஸ்கம் பே என்ற கப்பலில் இருந்தபோது ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கியது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மில்லரின் உடல் கிடைக்கவில்லை. மகனைக் காணவில்லை என்ற செய்தி வேக்கோவில் இருந்த பெற்றோருக்குப் போய்ச் சேர்ந்த நாள் டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் நடந்து சரியாக இரண்டு வருடம். இதை முதல்முறை படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

2020 ஜனவரியில், இனி கட்டப்போகிற ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு டோரிஸ் மில்லர் பெயரை அறிவித்தார்கள். அந்த வகைக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் ஜனாதிபதிகள், அட்மிரல்கள் பெயர்தான் வைப்பார்கள். அதிகாரி அல்லாத ஒரு சாதாரண மாலுமியின் பெயர் வைப்பது இதுவே முதல்முறை. பதக்கம் குத்தியவர் பெயரில் ஒரு கப்பல், பதக்கம் வாங்கியவர் பெயரிலும் ஒன்று.

நிமிட்ஸைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. போர் முடிந்து நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் ஜெர்மன் அட்மிரல் டோனிட்ஸ் மேல், எச்சரிக்கை கொடுக்காமல் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தார் என்ற குற்றச்சாட்டு வந்தது. பசிபிக்கில் நாங்களும் முதல் நாளிலிருந்து அதைத்தான் செய்தோம் என்று எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார் நிமிட்ஸ். வென்ற பக்கத்திலிருந்து இதைச் சொல்லத் தனி நேர்மை வேண்டும். இன்னொன்று நம் நாட்டோடு தொடர்புள்ளது. 1949இல் காஷ்மீரில் பொதுவாக்கெடுப்பு நடத்தும் அதிகாரியாக ஐ.நா. நியமித்தது இவரைத்தான். இந்தியாவும் பாகிஸ்தானும் நிபந்தனைகளில் ஒத்துப்போகாததால் வாக்கெடுப்பும் நடக்கவில்லை, அவர் அந்தப் பொறுப்பில் உட்காரவும் இல்லை.

அடுத்து ஆடி மர்ஃபி. இரண்டாம் உலகப் போரில் அதிகப் பதக்கம் வாங்கிய அமெரிக்க வீரர்களின் வரிசையில் முன்னால் நிற்பவர். ஹன்ட் கவுன்டியில் பருத்தி விளைகிற பூமியில், பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஏழாவது. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பருத்தி எடுத்தார், துப்பாக்கி எடுத்துக்கொண்டு முயலும் அணிலும் அடித்து வந்தார். குறி தப்பினால் அன்று வீட்டில் சட்டியில் ஒன்றும் இருக்காது. 1941இல் அம்மாவும் இறந்தார், சின்னவர்கள் அனாதை இல்லத்துக்குப் போனார்கள். படையில் சேரலாம் என்று போனால் எடை போதவில்லை என்று மரீன் படை திருப்பி அனுப்பியது. கடைசியில் அக்கா வயதைக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுத் தரைப்படையில் சேர்த்துவிட்டார்.

1945 ஜனவரி 26. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஹோல்ட்ஸ்விர் என்ற கிராமம். தரையெல்லாம் பனி. ஆறு ஜெர்மன் டாங்கிகளும் அவற்றின் பின்னால் காலாட்படையும் வருகின்றன. மர்ஃபிக்கு அப்போது 19 வயது. தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் தொலைபேசியோடு நிற்கிறார், பின்னாலிருக்கும் பீரங்கிகளுக்குக் குறி சொல்ல. பக்கத்தில் அமெரிக்க டாங்கி எதிர்ப்பு வண்டி ஒன்று அடிபட்டு எரிகிறது. உள்ளே எரிபொருளும் வெடிமருந்தும் இருக்கின்றன, எந்த நொடியும் வெடிக்கலாம். அதன் மேல் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். தீயின் புகையால் எதிரிகளுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரம். காலில் காயம். தோட்டா தீர்ந்த பிறகு இறங்கி நடந்து வந்து, தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மறுபடியும் தாக்கினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

ஊர் திரும்பினார், நடிகரானார், நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். தூக்கம் மட்டும் வரவில்லை. தலையணைக்கு அடியில் துப்பாக்கி வைத்துத்தான் படுப்பார். தூக்க மாத்திரைக்கு அடிமையானார். அதை உணர்ந்ததும் ஒரு ஹோட்டல் அறையில் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு, ஒரு வாரம் துடித்து அதிலிருந்து வெளியே வந்தார். போர் முடித்து வரும் வீரனுக்கு மனதில் ஏற்படும் காயத்தைப் பற்றி ஆண்கள் வாயே திறக்காத காலம் அது. கொரியா, வியட்நாம் போய் வந்தவர்களுக்கு அரசு மனநலச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். அந்த எரியும் வண்டியின் மேல் ஏறியதற்குக் கொஞ்சமும் குறையாத தைரியம் இது. 1971இல் விமான விபத்தில் இறந்தார். ஆர்லிங்டன் தேசியப் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர்களின் கல்லறையில் தங்க எழுத்து இருக்கும். எனக்கு வேண்டாம், மற்றவர்களைப் போலச் சாதாரணக் கல் போதும் என்று கேட்டிருந்தார், அப்படியே வைத்தார்கள். அவர் ஊர்ப்பக்கம் கிரீன்வில்லில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பருத்திக்கும் ஆடி மர்ஃபிக்கும் சேர்த்து ஒரே கட்டடம்.

பெண்களில் ஒவெட்டா கல்ப் ஹாபியை விட முடியாது. கில்லீன் ஊரில் பிறந்தவர். 1942இல் தொடங்கிய ராணுவப் பெண்கள் படையின் முதல் தலைவர். சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அந்தப் படையில் வேலை செய்தார்கள். சீருடை முதல் சம்பளம்வரை ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகளோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவர் அவர்.

மெக்சிகோ வம்சாவளியினரின் கதை தனி அத்தியாயம். மகாரியோ கார்சியா மெக்சிகோவில் பிறந்து, சுகர் லேண்டில் பண்ணை வேலை செய்து வளர்ந்தவர். குடியுரிமைகூட இல்லாமல் அமெரிக்கப் படையில் சேர்ந்தார். 1944 நவம்பரில் ஜெர்மனியில் காயம்பட்ட உடம்போடு தனியாக ஊர்ந்துபோய் இரண்டு இயந்திரத் துப்பாக்கி நிலைகளை அழித்தார். 1945 ஆகஸ்டில் ஜனாதிபதி ட்ரூமன் கையால் மெடல் ஆஃப் ஹானர் வாங்கினார். அடுத்த மாதம் தன் ஊர்ப்பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். மெக்சிகோக்காரனுக்கு இங்கே சாப்பாடு கிடையாது என்றார்கள். கைகலப்பானது, வழக்குப் போட்டது அவர் மேல். பிறகு அந்த வழக்கு நிற்கவில்லை.

இதைவிட என்னை உலுக்கியது ஃபெலிக்ஸ் லொங்கோரியாவின் கதை. த்ரீ ரிவர்ஸ் ஊர்க்காரர். 1945இல் பிலிப்பைன்ஸில் இறந்தார், உடல் ஊர் வந்து சேர்ந்தது 1949இல். வெள்ளைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி, ஊரிலிருந்த இறுதிச்சடங்குக் கூடத்தில் அவர் உடலை வைக்க இடம் தரவில்லை. அவர் மனைவி டாக்டர் ஹெக்டர் கார்சியாவிடம் போனார். இவரும் போரில் பணியாற்றியவர்தான். முந்தைய வருடம்தான் மெக்சிகோ வம்சாவளி வீரர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அவர் தந்திகள் அனுப்பினார். புதிதாக செனட்டரான லிண்டன் ஜான்சன் தலையிட்டு, முழு ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டனில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். போரில் ஒரு படையையும் நடத்தாத சாதாரண வீரர் லொங்கோரியா. ஆனாலும் டெக்சஸ் வீரர்கள் என்று நான் பட்டியல் போட்டால் அவர் பெயர் இருக்கும்.

ரிச்சர்ட் காவாஸோஸ் அந்தச் சமூகத்திலிருந்து வந்து நான்கு நட்சத்திர ஜெனரல் ஆன முதல் ஆள். கிங்ஸ்வில் அருகே மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவரின் மகன். 2023இல் டெக்சஸின் மிகப் பெரிய ராணுவ முகாமான ஃபோர்ட் ஹூட், ஃபோர்ட் காவாஸோஸ் என்று மாறியது. இரண்டே வருடத்தில் பழைய பெயருக்கே திரும்பியது, இந்த முறை அதே பெயர் கொண்ட வேறொரு வீரர் நினைவாக என்று சொன்னார்கள். என்னைக் கேட்டால் காவாஸோஸ் பெயரை விட்டுவைத்திருக்கலாம்.

யாரிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா, ராய் பெனவிடெஸிலிருந்து தொடங்குங்கள். 1935இல் குவேரோ பக்கம் பிறந்தார். ஏழு வயதுக்குள் அப்பா அம்மா இருவரையும் காசநோய் கொண்டுபோனது. எல் காம்போவில் மாமா வீட்டில் வளர்ந்தார். பஸ் நிலையத்தில் ஷூ பாலிஷ் போட்டார், பருத்தி எடுத்தார், படிப்பை விட்டார். ராணுவத்தில் சேர்ந்து 1965இல் வியட்நாம் போனவர் கண்ணிவெடியில் மாட்டினார். இனி நடக்கவே முடியாது என்றார்கள் டாக்டர்கள். ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் இருந்த ராணுவ மருத்துவமனையில், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கட்டிலிலிருந்து தரையில் உருண்டு விழுவார். முழங்கையாலும் தாடையாலும் ஊர்ந்து சுவர்வரை போவார். சுவரில் முதுகை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் உற்சாகப்படுத்துவார்கள். வலியில் கண்ணீர் வரும், மறுநாள் ராத்திரி மறுபடியும் உருண்டு விழுவார். 1966இல் அந்த மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே போனார். வியட்நாமுக்குத் திரும்பவும் போனார்.

1968 மே 2. லாக் நின் முகாமுக்கு மேற்கே காட்டில் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று சுற்றி வளைக்கப்பட்டுக் கிடக்கிறது. ரேடியோவில் அவர்களுடைய குரல் கேட்டதும், யாரும் கட்டளையிடாமலேயே, கையில் ஒரு கத்தியும் மருந்துப் பையுமாக ஹெலிகாப்டரில் ஏறினார். குதித்து ஓடும்போதே காலிலும் முகத்திலும் தலையிலும் அடிபட்டது. ஏற்ற வந்த ஹெலிகாப்டர் சுடப்பட்டு விழுந்தது. அதிலிருந்து உயிரோடிருந்தவர்களை வெளியே இழுத்தார், சுற்றி நிறுத்தினார், மருந்து போட்டார், விமானத் தாக்குதலுக்குக் குறி சொன்னார். ஆறு மணி நேரம். எட்டுப் பேராவது அவரால் பிழைத்தார்கள். உடம்பில் 37 இடத்தில் காயம். முகாமில் இறக்கியபோது கண் ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது, தாடை உடைந்திருந்தது. இறந்துவிட்டார் என்று பிணப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கப் போனார்கள். பேச வாய் வரவில்லை. குனிந்த டாக்டரின் முகத்தில் துப்பினார். உயிர் இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது.

மெடல் ஆஃப் ஹானர் அப்போது கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றார்கள், காலக்கெடுவும் போய்விட்டது. அந்தக் குழுவிலிருந்த பிரையன் ஓ'கானர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் ஃபிஜித் தீவில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1980இல் செய்தித்தாளில் இதைப் படித்துப் பத்துப் பக்கம் சாட்சியம் எழுதி அனுப்பினார். 1981 பிப்ரவரியில் ஜனாதிபதி ரீகன் பதக்கத்தை அணிவித்தார்.

இரண்டு வருடம் கழித்து, ஊனமுற்றோருக்கான உதவித்தொகையை அரசு மறு ஆய்வு செய்து பல லட்சம் பேருக்கு வெட்டியது. நீங்கள் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று பெனவிடெஸுக்கும் கடிதம் வந்தது. நெஞ்சில் இன்னும் குண்டுச் சில்லு இருந்த மனிதருக்கு. பதக்கத்தைக் கழுத்தில் அணிந்துகொண்டு 1983இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் போய் உட்கார்ந்தார். தனக்காக மட்டும் வரவில்லை, தன்னைப் போன்ற மற்றவர்களுக்காகவும் வந்திருக்கிறேன் என்று பேசினார். உதவித்தொகை திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், படிப்பை விடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1998 நவம்பரில் இறந்தார். சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் பெயரிலுள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ராத்திரியில் அவர் தரையில் ஊர்ந்து நடை பழகிய அதே ஊர்.